அந்த மனுவில் என் கையெழுத்து ஏன் இல்லை

மொரீஷியஸில் காணொளி தொகுத்துப் பிழைக்கும் தமிழ்த் தோழர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ஹில்லில் நாம் கூடியபோது, மேசையைச் சுற்றிவந்த மனு என் கைக்கு வந்ததும் அதை மடித்து அடுத்தவரிடம் தள்ளிவிட்டேன். பேனா இல்லை என்றேன். என் சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள் செருகியிருந்ததைப் பார்த்து எதிரே இருந்தவர்கள் சிரித்தீர்கள். மறுநாளிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி வந்த குறிப்புகளையும் படித்தேன். "அண்ணன் கம்பெனிப் பக்கம் சாய்ந்துவிட்டார்" என்பதுதான் அவற்றில் மரியாதையானது. பேனா விஷயத்தில் நான் சொன்னது பொய், பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மைக் காரணத்தை நின்றபடியே இரண்டு வாக்கியத்தில் சொல்ல எனக்கு வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். குழுவுக்குள் மட்டும் எழுதினால் அதுவும் நாலு பேர் சண்டையாகிவிடும். வெளியில் இருப்பவர்களும் படிக்கட்டும்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தத் தீவில் கல்யாணம், காவடி, தீமிதி, கும்பாபிஷேகம் என்று எது நடந்தாலும் அதைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து வீட்டாரிடம் கொடுக்கிற சிறு கூட்டம் நாங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மென்பொருளில்தான் தொகுக்கிறோம். அதன் புதிய பதிப்பு மூன்று வாரத்துக்கு முன் வந்தது. பட்டைகள் இடம் மாறிவிட்டன. விரல் தானாகப் போய் அழுத்திய விசைகள் இப்போது வேறு வேலை செய்கின்றன. பழைய புராஜெக்டைத் திறந்தால் பெயர் எழுத்துகள் ஓரத்துக்குப் போய் நிற்கின்றன, ஒலியளவு எல்லாம் குலைந்திருக்கிறது. முந்தைய பதிப்பை இறக்கிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு வாரம்தான். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நம் மனுவில் அது பதினோரு முறை இருக்கிறது, போதும்.

அந்த மனுவின் மூன்று பக்கப் பிரதியை வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு முறை படித்தேன். "தொழில்முறையாளர்களை அவமதித்துவிட்டீர்கள்" என்கிறது முதல் பக்கம். "சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக்கிவிட்டீர்கள்" என்கிறது இரண்டாம் பக்கம். "பழைய பதிப்பையே திரும்பக் கொண்டுவாருங்கள்" என்று முடிகிறது மூன்றாம் பக்கம். கோபத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த வாக்கியங்களை நான் ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறேன். 2011இல் உலகம் முழுவதும் உள்ள படத்தொகுப்பாளர்கள் ஆப்பிள் நிறுவனத்துக்கு எழுதியவை இவைதான், மொழிதான் வேறு. அவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அதைச் சொல்லாமல் என் மறுப்பு விளங்காது.

ஃபைனல் கட் புரோ 1999இல் ஆப்பிளின் பெயரில் வந்தது. அதை உருவாக்கத் தொடங்கியது மேக்ரோமீடியா. ஆப்பிள் 1998இல் வாங்கிக்கொண்டது. அதை எழுதிய குழுவின் தலைவர் ராண்டி உபிலோஸ். அடோபி பிரீமியரின் முதல் பதிப்புகளும் அவர் கை வேலைதான். அதுவரை தொகுப்பு என்றால் ஏவிட். ஏவிட் என்றால் ஒரு வீட்டு விலை. ஃபைனல் கட் வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் ஒரு மேக் கணினியும், அதோடு கேமராவை இணைக்க ஒரு ஃபயர்வயர் கம்பியும் வைத்துக்கொண்டு கடை போட முடிந்தது. 2003இல் வெளிவந்த ஒரு பெரிய ஹாலிவுட் படத்தை வால்ட்டர் மர்ச் இதில் தொகுத்து, அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அவர் எங்கே, காத்ர் போர்னில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த நான் எங்கே! ஆனாலும் அவர் திரையில் இருந்த அதே பொத்தான்தான் என் திரையிலும் இருந்தது. அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

ஏழாம் பதிப்பு 2009இல் வந்தது. அதற்குள் அந்த வீட்டின் அஸ்திவாரம் பழையதாகிவிட்டது. அது 32 பிட் மென்பொருள். கணினியில் எவ்வளவு நினைவகம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதனால் தொட முடியாது. அந்தச் சமயத்தில்தான் கேனன் ஐந்து டி மார்க் டூ கேமரா வந்து, புகைப்படக்காரர்கள் எல்லோரும் வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோப்புகளை நேராகப் போட்டால் ஏழாம் பதிப்பு மூச்சுத் திணறும். எல்லாவற்றையும், தொகுக்க எளிதான புரோரெஸ் வடிவத்துக்கு மாற்ற இரவெல்லாம் ஓடவிட்டுத் தூங்கப் போவோம். காலையில் வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். ஆகவே புதிதாகக் கட்டியே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2011 ஏப்ரல் 12ஆம் தேதி லாஸ் வேகாஸில் உபிலோஸ் மேடையேறி, பத்தாம் பதிப்பான ஃபைனல் கட் புரோ எக்ஸைக் காட்டியபோது கூடியிருந்த தொகுப்பாளர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். அதை நான் கணினியில் பார்த்தேன், நானும் கைதட்டினேன். செய்த மாற்றங்களைக் கணக்கிட்டுப் படமாக்கும் ரெண்டரிங் பின்னணியில் தானாக ஓடும், 64 பிட், விலை 999 டாலரிலிருந்து 299.99. அன்றைய கணக்கில் நம் ரூபாய் எட்டாயிரத்துச் சொச்சம். கைதட்டாமல் என்ன செய்வது?

ஜூன் 21ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. கைதட்டிய அதே ஆட்கள் அன்று மாலையே நெருப்பைக் கக்கினார்கள்.

என்ன இல்லை என்று பார்த்தால், பல கேமரா தொகுப்பு இல்லை. டேப்புக்குப் படத்தை எழுதும் வசதி இல்லை. ஒலிக்கலவைக்காரருக்கு அனுப்பும் ஓஎம்எஃப் இல்லை, வெட்டுப் பட்டியலான இடிஎல் இல்லை, தொகுப்பை வேறு மென்பொருளுக்கு எடுத்துப்போக உதவும் எக்ஸ்எம்எல் கோப்பு இல்லை. ஒளிபரப்பு மானிட்டருக்கு ஒழுங்கான வழி இல்லை. கூடவே விற்ற கலர், சவுண்ட்டிராக் புரோ, டிவிடி ஸ்டூடியோ புரோ மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழாம் பதிப்பில் செய்த எந்த வேலையையும் பத்தாம் பதிப்பு திறக்காது. ஏழாம் பதிப்போ அன்றே கடையிலிருந்து மறைந்துவிட்டது. வீட்டு வீடியோவுக்கான ஆப்பிளின் எளிய மென்பொருள் ஐமூவியை வைத்து, "ஐமூவி புரோ" என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கானன் ஓ'பிரையனின் இரவு நிகழ்ச்சியில் அதன் தொகுப்பாளர்களே தோன்றிக் கிண்டல் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டு, பழையதையே திரும்பக் கேட்டார்கள். என் கையெழுத்தும் அதில் இருந்தது. அன்று என்னிடம் பேனா இருந்தது. அடோபி சும்மா இருக்குமா? ஃபைனல் கட் வைத்திருப்பவர்களுக்குப் பாதி விலை என்று அறிவித்தது. ரீயூனியனில் இருக்கும் என் மைத்துனர் அந்த வாரமே பிரீமியருக்குப் போய்விட்டார், இன்று வரை திரும்பவில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் உங்களுக்குக் கசக்கும். அன்றைய கோபத்தில் பாதி, நாங்கள் படிக்காமல் பட்ட கோபம்.

ஒரு சின்னக் காட்சியைச் சொல்கிறேன். தாலி கட்டும் இடம். ஏழாம் பதிப்பில் என் டைம்லைன், அதாவது துண்டுகளை நேர வரிசையில் அடுக்கும் இடம், எப்படி இருக்கும் என்றால், முதல் டிராக்கில் மணவறை, இரண்டாவதில் அம்மா அப்பாவின் முகங்கள், மூன்றாவதில் பெயர்கள்; கீழே கேமரா ஒலி, அதற்குக் கீழே நாதஸ்வரமும் தவிலும். கெட்டிமேளம் எழும் நொடியும் மாப்பிள்ளையின் விரல் முடிச்சுப் போடும் நொடியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் மாமா ஒருவர் கேமராவை மறைத்துக்கொண்டு போகிற துண்டைத் தூக்கினால், அந்த இடம் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமை எனக்கு வேண்டும். அங்கே பெண்ணின் பாட்டி அட்சதை போடும் ஷாட் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும்; அதை இன்னும் தேடி எடுக்கவில்லை, அவ்வளவுதான். இலையில் பொரியலுக்கு விட்டுவைத்த இடம் மாதிரி.

பத்தாம் பதிப்பில் டிராக்கே இல்லை. நடுவில் ஒரு முதன்மைக் கோடு, மற்றவை எல்லாம் அதில் உள்ள துண்டுகளோடு கொக்கி போட்டு நிற்கும். காந்த டைம்லைன் என்று பெயர். நான் முதல்முறை மாமாவைத் தூக்கினேன். சரேலென்று பின்னால் இருந்தது எல்லாம் முன்னால் நகர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டது. மாமா துண்டோடு கொக்கி போட்டிருந்த தவிலும் சேர்ந்து போய்விட்டது. தாலி கட்டும்போது மௌனம்! நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, என் மனைவி காதில் விழக்கூடாத வார்த்தைகளைச் சொன்னேன். அன்றே மூடியவன் மூன்று வருடம் அதைத் தொடவில்லை. ஏழாம் பதிப்பைக் கட்டிக்கொண்டு, இரவெல்லாம் புரோரெஸ் மாற்றிக்கொண்டு, நான் ஒரு தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2014இல் என்னிடம் வேலை பழக வந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, நான் இதைச் சொல்லிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அழித்துக் காட்டினாள். இடம் அப்படியே வெறுமையாக நின்றது, தவிலும் இருந்த இடத்திலேயே இருந்தது. "பி (P) விசையை அழுத்தினால் பழையபடி நகர்த்தலாம், ஐயா" என்றாள். மூன்று வருடக் கோபத்துக்கு ஒரு விசை போதுமாயிருந்தது. ஆறு மாதத்தில் அந்தக் காந்தம் இல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை. காவடி ஊர்வலத்தில் ஒரே மாதிரி நானூறு துண்டுகள் இருக்கும். எதைத் தூக்கினாலும் மிச்சம் தானாகச் சேர்ந்துகொள்வது எவ்வளவு பெரிய நிம்மதி என்று காவடி தொகுத்தவனுக்குத்தான் தெரியும்.

உங்கள் மனுவின் இரண்டாம் பக்கம் முழுவதும் இந்த வகைக் கோபம். விசை மாறிவிட்டது, நிறம் மாறிவிட்டது, பட்டை இடப்பக்கம் போய்விட்டது. கூட்டத்தில் நான் கேட்டேன்: புதிய பதிப்பில் ஒரு முழு வேலையை முடித்தவர் யார்? ஒரே ஒரு கை உயர்ந்தது. அந்தத் தம்பியும் பாதி மனதோடுதான் தூக்கினார். ஒரு கையை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினால், அதைப் படிக்கிற பொறியாளர் முதல் பத்தியிலேயே நம்மைக் கண்டுபிடித்துவிடுவார். பழக்கம் போய்விட்டதே என்று அழுகிறவர்கள் என்று நினைத்துப் புரட்டிவிடுவார். மறுபாதி நியாயமும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

மறுபாதி என்ன? அதைச் சொல்ல 2008இல் பெல் ஏரில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும்.

மூன்று மினிடிவி (MiniDV) கேமரா டேப். நலங்கு வைக்கும்போது பெண்ணின் பாட்டி ஒரு பாட்டு எடுத்தாள். அவளுடைய பாட்டி பாடியதாம். இரண்டு அடிக்குப் பிறகு மறந்துபோய், "மோன் ப்லியே" என்று கிரியோலில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டார் அந்த இடத்தில் சினிமாப் பாட்டு போடச் சொன்னார்கள். நானும் போட்டேன்; பாட்டியின் உதடு அசையும், குரல் கேட்காது. டிவிடி கொடுத்தாயிற்று, பணம் வந்தாயிற்று, முடிந்தது.

2019இல் அந்தப் பெண் டர்பனிலிருந்து அழைத்தாள். அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பாட்டி இறந்துவிட்டாள். "மாமா, அந்தச் சினிமாப் பாட்டை எடுத்துவிட்டுப் பாட்டியின் குரலை மட்டும் தரமுடியுமா?" என்றாள். புராஜெக்ட் கோப்பு என் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறக்கக்கூடிய கணினி வீட்டில் இல்லை. பழைய மேக் என்றைக்கோ செத்துப்போயிருந்தது, புதிய மேக்கில் அந்த மென்பொருள் ஓடாது. பழைய வேலையைப் புதியதற்கு மாற்றித் தரும் ஒரு செயலி 2012 தொடக்கத்திலேயே வந்திருந்தது. ஆனால் அதற்கும், முதலில் பழைய மென்பொருளில் திறந்து எக்ஸ்எம்எல்லாக வெளியே எடுத்திருக்க வேண்டும். ஏழாம் பதிப்பு என் கையில் இருந்த வருடங்களில் அதைச் செய்ய எனக்கு அரை நாள் ஆகியிருக்காது. செய்யவில்லை. இதில் குற்றம் முழுக்க என்னுடையது. "கோப்பு இருக்கிறது" என்பதையும் "வேலை இருக்கிறது" என்பதையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காப்பாற்றியது ஒரு காகிதம். முதலாளியிடம் வேலை பார்த்த காலத்துப் பழக்கம், ஒவ்வொரு வேலை முடிந்ததும் இடிஎல் அச்செடுத்துக் கோப்பில் செருகிவிடுவேன். இடிஎல் என்பது வெறும் எழுத்தும் எண்ணும். 1970களில் சிஎம்எக்ஸ் தொகுப்புக் கருவிகள் வந்த காலத்துச் சரக்கு. ஒரு வெட்டுக்கு ஒரு வரி. எந்த டேப், எந்த நொடியில் தொடக்கம், எந்த நொடியில் முடிவு, தொகுத்த படத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது. கடையின் சிட்டைப் புத்தகத்துக்கு மேல் அதில் எதுவும் இல்லை. மஞ்சளித்துப்போன நான்காம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: பதினான்காம் வெட்டு, மூன்றாம் டேப், 00:41:12:07 முதல் 00:41:58:19 வரை. டேப்புகளைப் பெண்ணின் அப்பா பீரோவில் புடவைக்கு நடுவே வைத்திருந்தார். மற்ற வீட்டு டேப்புகள் பலவற்றை நான் காசு மிச்சம் பிடிக்க அழித்துத் திரும்பப் பயன்படுத்தினேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். இவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டதால் இவருடையது பிழைத்தது.

பழைய கேமராவில் டேப்பைப் போட்டு, ஒரு அடாப்டர் மேல் இன்னொரு அடாப்டர் செருகி, கணினியில் இணைத்தேன். நாற்பத்தோராம் நிமிடம். பன்னிரண்டாம் நொடி. பாட்டு வந்தது, மறதி வந்தது, சிரிப்பு வந்தது. நாற்பத்தாறு நொடி. டர்பனுக்கு அனுப்பினேன். அன்று அவள் பதில் எழுதவில்லை. மறுநாள் அவள் கணவர் நன்றி எழுதியிருந்தார்.

2011இல் ஆப்பிளின் மேல் எனக்கு இன்றும் இருக்கும் வருத்தம் இங்கேதான். காந்தத்தைப் பற்றி இல்லை. பழைய வேலையைத் திறக்க முடியாது என்றதும், வெளியே எடுத்துச் செல்லும் வழிகளை முதல் நாளில் வைக்காததும், பழைய பதிப்பை அதே நாளில் கடையிலிருந்து எடுத்ததும். இரண்டின் அடித்தளமும் வேறு, தகவல் சிதையாமல் கொண்டுவர முடியாது என்று சில நாளில் விளக்கம் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். உண்மை என்றால் பழையதை இன்னும் இரண்டு வருடம் விற்றிருக்கலாமே! அது அவர்களுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 2007இல் ஐமூவியைத் தலைகீழாக மாற்றிக் கட்டியபோது இதே கூச்சல் எழுந்தது. அதையும் மாற்றியவர் உபிலோஸ்தான். அப்போது முந்தைய ஐமூவியை இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டார்கள். வீட்டுக்காரர்களின் பிறந்தநாள் வீடியோவுக்குக் கிடைத்த அவகாசம், அதை வைத்துச் சோறு தின்பவர்களுக்கு நான்கு வருடம் கழித்துக் கிடைக்கவில்லை.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். பழையதையே முன்னேற்றுங்கள் என்ற பெரிய கோரிக்கை நிறைவேறவே இல்லை. பிறகு தொலைபேசியில் கேட்டு வாங்குவோருக்கு ஏழாம் பதிப்பைக் கொஞ்ச காலம் விற்றார்கள், அதோடு சரி. ஆனால் குறிப்பாகக் கேட்டவை ஒவ்வொன்றாக வந்தன. எக்ஸ்எம்எல் செப்டம்பரிலேயே வந்தது. ஒலியை வகை பிரித்து அனுப்பும் ரோல்ஸ் வசதியும் அதே பதிப்பில். பல கேமரா தொகுப்பும் ஒளிபரப்பு மானிட்டர் வசதியும் 2012 ஜனவரியில். 2015இல் ஒரு பெரிய ஸ்டூடியோ படமே அதில் தொகுக்கப்பட்டு வெளிவந்தது. 2022 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட தொகுப்பாளர்களும் படத்துறையினரும் ஆப்பிளின் அப்போதைய தலைமை நிர்வாகி டிம் குக்குக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அது சண்டை மடல் இல்லை. இந்த மென்பொருள் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, சினிமாக்காரர்களும் பயன்படுத்தும்படி இதை இன்னும் ஒழுங்காகக் கவனியுங்கள் என்று கேட்ட மடல். பதினோரு வருடத்தில் "விளையாட்டுப் பொருள்" எங்கே வந்து நின்றது பாருங்கள்.

கூட்டத்தில் ஒரு நண்பர் எழுந்து, "98இல் ரூபாய் நோட்டையே திரும்ப வாங்க வைத்த சமூகம் நாம், ஒரு மென்பொருளுக்கா பயப்படுவோம்?" என்று கேட்டபோது பலத்த கைதட்டல். எனக்கும் ரோமம் சிலிர்த்தது. அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் அதை அவர் தப்பான இடத்தில் எடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது. அன்று நாம் என்ன கேட்டோம்? நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழே தள்ளி, தேவநாகரியை மேலே ஏற்றியிருந்தார்கள். பழைய வரிசையை வையுங்கள் என்றோம். அவ்வளவுதான். பழைய நோட்டின் நிறம் வேண்டும், தாள் வேண்டும், படம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது, வரிசை திரும்பியது. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் நோட்டு பழைய நோட்டு இல்லை, புதியதுதான். ஆனால் தமிழ் அதன் இடத்தில் இருக்கிறது.

ஆகவே மனுவை இப்படி எழுதினால் நான் முதல் ஆளாகப் போடுவேன். முந்தைய பதிப்பை, சந்தா கட்டுகிற எவரும், இன்னும் இருபத்து நான்கு மாதம் இறக்கிக்கொள்ள விடவேண்டும். ஒரு தைப்பூசம் தாண்டினால் போதாது, நம்மில் பலரிடம் இரண்டு வருட வேலை முடியாமல் கிடக்கிறது. பழைய புராஜெக்டைப் புதியதில் திறக்கும்போது எது எது மாறியது என்று வரிவரியாக ஓர் அறிக்கை வரவேண்டும். இப்போது அது "திறக்கப்பட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. பெயர் எழுத்து ஓரத்துக்குப் போனதைக் கல்யாண வீட்டார்தான் நமக்குச் சொல்கிறார்கள். எக்ஸ்எம்எல்லும் இடிஎல்லும் எந்தக் கட்டணத் திட்டத்திலும் பூட்டப்படாமல் இருக்கவேண்டும். இது எனக்கு மற்ற இரண்டையும்விடப் பெரிது. மென்பொருள் நாளைக்கு இல்லாமல் போனாலும் என்ன வெட்டினோம் என்பது நம் கையில் எழுத்தாக இருக்கவேண்டும். அப்புறம், தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து விழுவதைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? மூன்று பக்கத்தில் பட்டையின் நிறத்துக்கு இடம் இருந்தது. "கௌரி" என்ற மணப்பெண்ணின் பெயர் திரையில் சிதறிக் கிடப்பதைப் பற்றி நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? பிரெஞ்சுக்காரர்களா?

"அவமதித்துவிட்டீர்கள்" என்ற வாக்கியம் வேண்டாம். அவர்கள் நம்மை அவமதிக்கவில்லை. நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியப்படுத்துவது நம் வேலை.

இன்னொன்று. மனு போனாலும் போகாவிட்டாலும், இந்த ஏழு வாரத்துக்குள் ஒவ்வொருவரும் முடித்த வேலைகளை முந்தைய பதிப்பில் திறந்து எக்ஸ்எம்எல்லாக எடுத்து வையுங்கள். முந்தைய பதிப்பு இன்னும் நம் எல்லோர் கணினியிலும் இருக்கிறது; புதியதை நிறுவும்போது பழையதை நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் சரி என்று தட்டிவிடாதீர்கள். பெயரையும் தேதியையும் தமிழிலோ பிரெஞ்சிலோ, ஆள் படிக்கிற மாதிரி எழுதுங்கள். "இறுதி", "இறுதி 2", "உண்மையான இறுதி" என்று வைத்தால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே புரியாது. என் ஹார்ட் டிஸ்க்கில் அப்படி ஐம்பது இருக்கின்றன. 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் வண்டிகள் மிதந்ததே, அப்போது தரைத்தளத்தில் கடை வைத்திருந்த நம் நண்பர் ஒருவர் எத்தனை வீட்டுக் கல்யாணங்களை ஒரே மதியத்தில் இழந்தார் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டில் இருப்பேன். மனுவின் புதிய வரைவை ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், திருத்த வாருங்கள். புதிய பதிப்பில் ஒரு முழு வேலையை முடித்த அந்தத் தம்பி கட்டாயம் வரவேண்டும்; அவர் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் நம்மிடம் படம் இருக்கவேண்டும். தேநீரும் காத்தோ பிமாவும் உண்டு. போன வருடம் என் ஃபயர்வயர் அடாப்டரைக் கடன் வாங்கிப் போனவர் யார் என்று எனக்கு மறந்துவிட்டது. அவருக்கு மறந்திருக்காது. வரும்போது எடுத்துவரவும், இன்னும் இரண்டு வீட்டு டேப்புகள் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
இரண்டு பேனா வைத்திருந்த உங்கள் அண்ணன்
ரோஸ்ஹில்